பூம் லிஃப்ட் கூடையில் பாதுகாப்பு பெல்ட் அவசியமா?

கேள்வி:
சுற்றிலும் கைப்பிடிக் கம்பி உள்ள பூம் லிஃப்ட் (நீண்ட கையால் ஆளை உயரத்துக்குத் தூக்கும் இயந்திரம்) கூடையிலும் பெல்ட்டை மாட்டச் சொல்லும் மேற்பார்வையாளர், கத்தரி லிஃப்டில் (கத்தரிபோல் விரியும் கால்களால் மேடையை உயர்த்துவது) அதைக் கேட்பதில்லை. இதற்குக் காரணம் உண்டா?

பதில் 1:
உண்டு. கூடை நீண்ட கையின் நுனியில் இருப்பதால், கீழே ஒரு சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினாலும் அந்த அசைவு மேலே பன்மடங்காகி, நிற்பவரைக் கவண்கல்லைப் போலக் கம்பிக்கு வெளியே வீசிவிடும். ஆகவே முழு உடல் பெல்ட்டின் கயிற்றை, ஆள் வெளியே போக முடியாத அளவுக்குக் குட்டையாக வைத்து, கூடையிலுள்ள வளையத்திலேயே மாட்ட வேண்டும். பக்கத்துத் தூணில் மாட்டினால், கூடை நகரும்போது அதுவே ஆளை இழுத்துவிடும். கத்தரி லிஃப்ட் செங்குத்தாக ஏறுவதால், கையேடு வேறுவிதமாகச் சொல்லாதவரை, கம்பியே பெரும்பாலும் போதும். கம்பியின் மேல் ஏறி நிற்பவருக்கு இது பொருந்தாது!

பதில் 2:
பெல்ட் தடுக்காத ஆபத்துகளும் உள்ளன. மேலே பார்க்காமல் உயர்த்துபவர், உத்தரத்துக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் இடையே நசுங்கியபடி விசையின் மேலேயே சாய்ந்துவிட்டால், இயந்திரம் தொடர்ந்து அழுத்தும். கீழிருந்து அவசரமாக இறக்கத் தெரிந்த ஒருவர் தரையில் இருந்தாக வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. காற்றுக்கு வரம்பு உண்டா?

பதில் 1:
இயந்திரத்தில் பொருத்தியுள்ள விவரத் தகட்டைப் பாருங்கள். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பல இயந்திரங்களில் வினாடிக்கு 12.5 மீட்டர் என்றிருக்கும். ஆனால் அகலமான தகரத்தைக் கூடையில் ஏற்றினால் அது கப்பல் பாய்போல் காற்றை வாங்கும் என்பதால், அந்த எண்ணை நம்ப முடியாது.