மரத்தில் வலை பின்னும் புழு, என்ன மருந்து? (அவசரம்)

தெஹிவளைநிலா:
மரத்து இலையெல்லாம் கொத்துக் கொத்தாக வலையில் ஒட்டிக் காய்கிறது. உள்ளே புழு. கீழே நிற்கும் கார் முழுக்கக் கறுப்பு எச்சம். என்ன மருந்து அடிக்கலாம்?

கொட்டாஞ்சேனைக்காரி:
என்ன மரம் அக்கா? புழுவுக்கு மயிர் இருக்கிறதா?

மாடித்தோட்டம்:
முருங்கையாக இருக்கும். மயிர்க்கொட்டி! பகலில் அடிமரத்தில் அப்பிக் கிடக்கும், பந்தம் பிடித்தால் சரி.

பழையகாணி:
மரம் எதுவென்றே தெரியாது, அதற்குள் பந்தம். இங்கே கேள்வி கேட்பவர்கள் மரத்தின் பெயரையாவது எழுதப் பழக வேண்டும். எத்தனை தரம் சொல்வது?

தெஹிவளைநிலா:
மா. மயிர் இல்லை. வெளிர் பச்சை, தலை பழுப்பு. தொட்டால் துள்ளிக்கொண்டு ஓடுகிறது.

வத்தளைத்தம்பி:
மாமரத்தில் இலை ஒட்டியிருந்தால் முசுறு என்ற செவ்வெறும்பின் கூடுதான்.

பழையகாணி:
தம்பி, முசுறு பச்சை இலையைத் தைத்துக் குடியிருக்கும், இலையைத் தின்னாது. இங்கே இலை சருகாகிறது, வலையில் எச்சம் தொங்குகிறது. இது மா இலை பின்னிப் புழு, ஒர்தாகா என்ற அந்துப்பூச்சியின் குஞ்சு. முதலில் இலையின் பச்சையைச் சுரண்டும், வளர்ந்ததும் நரம்பை மட்டும் விட்டுவைக்கும். முசுறு இருந்தால் இந்தப் புழுவைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அதைக் கலைக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனைக்காரி:
மருந்துக்கு முன் கொக்கத்தடியால் அந்தக் கொத்துகளை அறுத்து விழுத்துங்கள். உடனே சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடிவிடும். வலை தடிப்பு, மேலே தெளிப்பது உள்ளே போகாது. உள்கிளைகளையும் கொஞ்சம் கழியுங்கள். இருண்டு அடர்ந்த மரத்தில்தான் இது கூடும்.

மாடித்தோட்டம்:
வேப்பெண்ணெய்?

கொட்டாஞ்சேனைக்காரி:
வெட்டிய பிறகு, புதுத் தளிருக்கு அடிக்கலாம்.

வத்தளைத்தம்பி:
மா என்ன இனம், கறுத்தக் கொழும்பானா அக்கா? கொழும்பு மழைக்கு அது சரிவராது. வில்லாட் இன மா வைத்திருக்கலாம்.

மாடித்தோட்டம்:
யார் சொன்னது? எங்கள் வளவில் காய்க்கிறதே.

வத்தளைத்தம்பி:
காய்க்கும், யாழ்ப்பாணத்து ருசி வராது. அது வெயில் கேட்கிற மரம்.

பழையகாணி:
புழுவுக்கு இன வேறுபாடு தெரியாது. மாங்காய்ச் சண்டைக்கு வேறு இழை திறவுங்கள். நிலா, மருந்து அடித்தே தீர வேண்டுமென்றால் கடைக்காரரைக் கேட்காமல் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

தெஹிவளைநிலா:
எட்டியதை அறுத்தாச்சு. ஒரு கொத்துக்குள்ளேயே பல புழு. உச்சிக்கு ஆள் பிடிக்க வேண்டும். நன்றி.

மாடித்தோட்டம்:
என்ன இனம் என்று கடைசிவரை சொல்லவில்லையே!