கோவைக்குப் புது மிருகக்காட்சி சாலை வேணுமா, வேண்டாமா?

நொய்யல்கரையான்:
வ.உ.சி. பூங்கா மிருகக்காட்சி சாலையோட அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-ல ரத்து பண்ணிருச்சு. நடு ஊருக்குள்ள அத்தனூண்டு இடம், அது போனதுல வருத்தமில்லீங்க. ஆனா பதிலுக்கு ஒண்ணு வேண்டாமா? தெக்க ஆனைமலை, வடக்க சத்தியமங்கலம்னு ரெண்டு பக்கமும் புலிக் காப்பகம். நம்ம பசங்க புலியைப் பாக்கணும்னா வண்டலூருக்கு ரயிலேறணும். மேட்டுப்பாளையம் பக்கம் வண்டலூராட்ட 600 ஹெக்டேர்ல ஒண்ணு கட்டுனா, பாத்த மாதிரியும் ஆச்சு, அழியற இனத்தைப் பெருக்குன மாதிரியும் ஆச்சு.

வால்பாறைக்காரி:
ஏனுங்ணா, மேட்டுப்பாளையத்துல அத்தனை இடம் எங்கீங்க சும்மா கெடக்குது? கல்லாறு பக்கம் யானை போற தடம். அதை மறிச்சுக் கூண்டு கட்டிட்டு வனவிலங்குப் பாதுகாப்புன்னு போர்டு வெப்பீங்களா?

எங்கூர்ல புதுத்தோட்டத்துக்கு வந்து பாருங்க. ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டிருக்காங்க. சோலைமந்தி, அதான் சிங்கவால் குரங்கு, குட்டியை வயித்துல ஒட்டவெச்சுட்டு அதுல போகும், கீழ பஸ்ஸு போயிட்டிருக்கும். இந்த மந்தி பொழைக்கறது அந்தப் பாலத்துலயும், தேயிலைக்கு நடுவுல மிஞ்சுன சோலையிலயும்தான். கூண்டுல குட்டி போட்டு எங்க மலைக்கு என்னங்க ஆச்சு?

காங்கேயம் மாட்டு டாக்டர்:
அம்மணி சொல்வது சோலைமந்திக்குச் சரி. செத்த விலங்கைத் தின்னும் பாறுக் கழுகுக்குச் சரிவராது. மாட்டு வலிக்கு நாங்கள் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபினாக்தான் அதைக் கொன்றது என்று 2004-ல் தெரிந்தது. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். அறுத்துப் பார்த்தால் ஈரல் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கும். 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். சரி, பதிலுக்கு எதைப் போடுவது? மெலாக்சிகாம் பாறுக்கு ஆபத்தில்லை என்று அதே ஆண்டு முதலில் காட்டியது, தென்னாப்பிரிக்காவில் காட்டுக்குத் திரும்ப விட முடியாமல் கூண்டில் இருந்த பாறுகளை வைத்துத்தான். நீலகிரி மாயாற்றங்கரை நீர்மருது மரத்தில் இன்றைக்குப் பாறு கூடு கட்டுகிறதென்றால் அந்தக் கூண்டுக்கும் அதில் பங்குண்டு.

வால்பாறைக்காரி:
நல்ல விசயந்தானுங்க டாக்டர். ஆனா அந்தக் கூண்டுக்கு முன்னால பாப்கார்ன் வித்தாங்களா? ஹரியானா பிஞ்சோர்ல பாறு பெருக்கற மையத்துக்குள்ள டிக்கெட் எடுத்துட்டுப் போக முடியாதுங்க. நொய்யல் அண்ணன் கேக்கறது ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துக்குச் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி. ரெண்டும் வேற வேற. 2021-ல வண்டலூர் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து, அதுல செத்தும் போச்சு. காட்டுல இருந்திருந்தா வந்திருக்குமா? யானையைக் கண்காட்சிக்கு வெக்க வேண்டாம்னு அதே ஆணையம் 2009-லயே சொல்லிருச்சு. இன்னைக்கு யானை, நாளைக்கு மத்ததுன்னு எடுத்துக்கலாமே.

காங்கேயம் மாட்டு டாக்டர்:
அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது. ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் போகிறார்கள். சருகுமானைப் பெருக்கி 2017-ல் அம்ராபாத் காட்டில் விட்டதும் அதே பூங்கா, சிசிஎம்பி என்னும் மத்திய அரசின் உயிரியல் ஆய்வகத்தோடு சேர்ந்து. சருகுமான் முயலைவிடச் சற்றுப் பெரிது, அதைப் பார்க்க யாரும் வரிசையில் நிற்பதில்லை. அந்த வேலை நடந்த இடம் ஆட்கள் வரும் பூங்காதான். சாணத்தை எடுத்து ஹார்மோன் அளந்து, சினையா இல்லையா என்று சொல்கிறோமே, அதை முதலில் சரிபார்க்கக் கூண்டு விலங்குதான் வேண்டும். மயக்க ஊசிக்கு அளவு தெரிவதும் அப்படித்தான். உங்கள் ஊருக்குள் சிறுத்தை வந்து கிணற்றில் விழுந்தால் அந்தக் கணக்கு வேண்டுமா, வேண்டாமா? கலிபோர்னியாவில் கான்டார் கழுகு 1982-ல் 22 மட்டும் மிஞ்சியது. கடைசிப் பறவை வரை பிடித்து, மிருகக்காட்சி சாலைகளில் பெருக்கி 1992-லிருந்து திரும்ப விட்டார்கள்.

வால்பாறைக்காரி:
விட்ட கான்டார், வேட்டைக்காரங்க சுட்ட ஈயக் குண்டு கெடந்த எறைச்சியைத் தின்னு சாகுதேங்க, அதையுஞ் சொல்லுங்க. டைக்ளோஃபினாக்கும் அதே கதைதான். காரணத்தை வெளியில நிறுத்தாம உள்ளார எத்தனை பெருக்கினாலும் எங்க கொண்டுபோயி விடுவீங்க?

காங்கேயம் மாட்டு டாக்டர்:
நிறுத்தும்வரைக்கும் உயிரோடு வைத்திருக்க ஓர் இடம் வேண்டாமா, அம்மணி?

நொய்யல்கரையான்:
ரெண்டு பேரும் எங்கியோ போயிட்டீங்க. நா கேட்டது கோயமுத்தூருக்கு. சிங்கத்தைக் காட்டாம டிக்கெட் விக்காதுங்க, டிக்கெட் விக்காம சருகுமானுக்குத் தீனி வாங்க முடியாது.

வால்பாறைக்காரி:
ஆனைகட்டியில சாலிம் அலி மையம் 1990-ல இருந்து பறவை ஆராய்ச்சி பண்ணுது. அங்க எந்தச் சிங்கம் டிக்கெட் வித்துச்சுங்ணா?

நொய்யல்கரையான்:
அது மத்திய அரசு காசுங்க அம்மணி. இங்க குப்பை வண்டிக்கு டீசல் போடறதுக்கே மாநகராட்சி யோசிக்குது.