வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுத் தலைப்பு வேண்டும், யாராவது உதவுங்கள்

மதுரைமல்லி:
வணக்கம். பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸ் படிக்க வந்து நாலு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுத் தலைப்பைக் கொடுக்க வேண்டும். "புலம்பெயர்ந்தோர் உடல்நலம்" என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் "ரொம்ப அகலம்" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். "புலம்பெயர்ந்தோரும் நீரிழிவும்" என்று மாற்றினேன். மறுபடியும் அதே வரி. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. அப்பா வீட்டை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார். நல்ல தலைப்பாக ஒன்று சொல்லுங்களேன்.

பனியில்_சிவா:
முதலில் நல்ல ஜாக்கெட் வாங்கினீர்களா? நான் கனடாவில் வின்னிபெக் வந்த வருடம் மைனஸ் முப்பது. ஊரில் தைத்த ஸ்வெட்டரோடு பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதிருக்கிறேன், கண்ணீர் இமையிலேயே உறைந்தது. தூக்கம் வராததற்கு வெயில் இல்லாததும் ஒரு காரணம். வைட்டமின் டி எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு தானாக வரும்.

எண்ணும்_எழுத்தும்:
எந்த நாடு, எப்போது சமர்ப்பிக்க வேண்டும், புள்ளியியல் வருமா, எதையுமே சொல்லவில்லையே. பொதுவாகச் சொல்கிறேன்: பேட்டி, கேள்வித்தாள் பக்கமே போகாதீர்கள். யாரோ ஏற்கெனவே சேகரித்து வைத்த தரவை எடுங்கள். இந்தியா என்றால் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று இருக்கிறது, 2019-21. பிரிட்டன் என்றால் 2009 முதல் அதே குடும்பங்களை ஆண்டுதோறும் பின்தொடரும் 'அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி'. பதிவு செய்தால் மாணவருக்குக் காசில்லாமல் கிடைக்கும்.

பழையசோறு:
ஊர்த் தலைப்பு எடுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது.

இட்லிப்பானை:
வேண்டவே வேண்டாம். நான் ஊர்த் தலைப்பு எடுத்துத்தான் மாட்டிக்கொண்டேன். இன்டர்வியூவில் "உள்ளூர் அனுபவம் என்ன?" என்று கேட்டபோது முழித்தேன். ஒன்பது மாதம் கிடங்கில் பெட்டி தூக்கினேன், இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

பழையசோறு:
வேலை கிடைக்காததற்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஊர்த் தலைப்பை வைத்தே வேலை கிடைத்தது.

மதுரைமல்லி:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதியது. லண்டன், ஹாரோ. ஆகஸ்ட் கடைசியில் சமர்ப்பிக்க வேண்டும். புள்ளியியல் சுமார்தான். ஊரில் பி.டி.எஸ். முடித்தேன். சனி, ஞாயிறு கேர் ஹோமில் வேலை.

இட்லிப்பானை:
பல் டாக்டர் என்று முதலிலேயே சொல்லக் கூடாதா! வெற்றிலைப் பாக்கு, வாய்ப் புற்றுநோய் எடுங்கள். புகையிலையே சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை போட்டுவிட்டது.

எண்ணும்_எழுத்தும்:
லண்டன் தமிழரில் பாக்கு போடுகிறவர்களை எங்கே போய்த் தேடுவார்?

பனியில்_சிவா:
வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்துவிடாதீர்கள், விசா சிக்கலாகிவிடும்.

இட்லிப்பானை:
அந்த 20 மணி நேரச் சம்பளத்தில் பெரும்பகுதி ஹாரோவில் ரூம் வாடகைக்கே போய்விடும். ஊரில் ஏஜென்ட் சொன்ன கணக்கு வேறு. அப்புறம் இந்த சூப்பர்வைசர்கள்! என் ஆள் மூன்று வாரம் கழித்து "சுவாரசியமாக இருக்கிறது" என்று பதில் போட்டார். அதற்கு "வேண்டாம்" என்று அர்த்தமாம். எனக்குத் தெரியவே ஆறு மாதம் ஆனது.

பழையசோறு:
ஹா ஹா, இங்கேயும் அதே கதை. ஹாரோ பக்கம் யாருக்காவது மெத்தை வேண்டுமா? ஒரு வருடம்தான் படுத்தது.

யாழ்தேவி:
மெத்தையைப் பிறகு பாப்பம். தங்கச்சி, ஒரு கேள்வி. நீங்கள் லண்டன் வந்த பிறகு, நம்மட சனத்தின்ர உடம்பு விசயத்தில் "இது ஏன் இப்பிடி?" என்று உங்களுக்குத் தோன்றியது ஏதாவது உண்டா? புத்தகத்தில் படித்தது வேண்டாம். கண்ணால் பார்த்தது.

மதுரைமல்லி:
ஒன்று இருக்கிறது அக்கா, ஆனால் ரொம்பச் சின்ன விஷயம். நான் தங்கியிருப்பது ஒரு யாழ்ப்பாண ஆன்ட்டி வீட்டில், அறுபது வயதுக்கு மேல். குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மலம் எடுத்து அனுப்பும் கிட் தபாலில் வந்தது. இரண்டு மாதமாக ஃப்ரிட்ஜ் மேல் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பின்னால் கிடக்கிறது, உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கேட்டால் "அதைப் போய்த் தபாலிலையா அனுப்புறது, தபால்காரன் என்ன நினைப்பான்" என்கிறார். ஆனால் பிபி மாத்திரையை ஒருநாள் தவறவிட மாட்டார்.

யாழ்தேவி:
இதுதான் உங்கட தலைப்பு. சின்னதாக இருப்பதுதான் அதன் நன்மையே.

இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை எல்லாருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்த கிட் வரும். முந்தி மூன்று தரம் எடுத்து அட்டையில் பூச வேணும். 2019-ல் மாற்றி, ஒரு குச்சி, ஒரு சின்னக் குப்பி, ஒரே தரம் என்று சுலபமாக்கினார்கள். 2000-த்தில் கோவென்ட்ரி பக்கம் முதல் முன்னோட்டம் நடந்தபோதே தெற்காசியரிடம் பங்கேற்பு குறைவு என்று தெரிந்துவிட்டது. ஆனால் "தெற்காசியர்" என்றால் யார்? குஜராத்தியா, வங்காளியா, நாங்களா?

எண்ணும்_எழுத்தும்:
இதை ஒப்புக்கொள்கிறேன். சென்சஸ் படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று கட்டம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் "பிற ஆசியர்", சென்னைக்காரர் "இந்தியர்". இனத்தை மட்டும் குறித்த தரவில் தமிழரைத் தனியாகப் பிரிக்க வழியில்லை. இதற்குப் பேட்டிதான் சரி. முதலில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், இந்த ஒரு தலைப்புக்கு மட்டும்.

மதுரைமல்லி:
ஆன்ட்டியையே முதல் பேட்டி எடுத்துவிடவா?

யாழ்தேவி:
அவவை எடுக்கக் கூடாது. நீங்கள் அவவின்ர வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள், அவவுக்கு "மாட்டேன்" என்று சொல்லவும் சங்கடம், உங்களுக்கு உண்மையை எழுதவும் சங்கடம். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு முதல் கேள்வியே அதைத்தான் கேட்கும். கேர் ஹோமில் இருப்பவர்களும் வேண்டாம்.

ஆட்களை என்.எச்.எஸ். (இங்கத்தை அரசு மருத்துவ சேவை) வழியாகத் தேடாதீர்கள். ஜி.பி. (குடும்ப டொக்டர்) கிளினிக்கில் பட்டியல் கேட்டால் என்.எச்.எஸ். அனுமதி எடுக்க வேணும், அதிலேயே கோடை முடிந்துவிடும். கோயில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், முதியோர் ஒன்றுகூடல் என்று வெளியே தேடினால் பொதுவாகப் பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி போதும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு வாசலில் நிற்கும் தாத்தா பாட்டிமாரை மறக்க வேண்டாம்.

எட்டுப் பத்துப் பேருக்கு மேல் போகாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் தமிழில் எழுதி, ஆங்கிலமாக்கி முடிக்க எனக்கு இரண்டு முழு நாள் போனது. அனுப்பியவர்களையும் கேளுங்கள். அனுப்பாதவர்களை மட்டும் கேட்டால் புலம்பல்தான் மிஞ்சும்.

பனியில்_சிவா:
கனடாவிலும் இந்த கிட் உண்டு. என் மனைவி என்னைத் திட்டித்தான் அனுப்ப வைத்தாள்.

மதுரைமல்லி:
இப்படி எழுதியிருக்கிறேன்: "லண்டனில் வாழும் 50 முதல் 74 வயதுக்குட்பட்ட தமிழ் பேசுவோர், குடல் புற்றுநோய்ப் பரிசோதனை கிட்டைத் திருப்பி அனுப்புவதற்கும் அனுப்பாமல் விடுவதற்கும் சொல்லும் காரணங்கள்." சரியா?

யாழ்தேவி:
லண்டன் முழுக்க அலைவீர்களா? ஹாரோ என்று போடுங்கள். பெண்கள் மட்டும் என்று வைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் கேட்டால் அவர்கள் கூச்சமில்லாமல் கதைப்பார்கள்.

மதுரைமல்லி:
வியாழன் இரவே அனுப்பிவிட்டேன். இன்று காலை பதில்: "இது செய்யக்கூடியது. செவ்வாய்க்கிழமை பேசலாம்." பேட்டி எடுக்கவில்லை, ஆனால் தலைப்பைப் பற்றி ஆன்ட்டியிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டை எடுத்து வந்து, குப்பியில் காலாவதித் தேதி எங்கே போட்டிருக்கிறது என்று கேட்கிறார்.

பழையசோறு அண்ணா, மெத்தை இன்னும் இருக்கிறதா? சிங்கிளா, டபுளா?