நிர்வாகி கடவுச்சொல் இல்லாமல் ஆர் பேக்கேஜ் நிறுவியவர்கள்: அனுபவப் பகிர்வு

ஆத்தங்குடி ஆய்வு மாணவி:
ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கும் பட்டறைகளின் கூலி விவரத்தை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்த காலம் அது. வழிகாட்டி ஆசிரியர் சொன்ன கணக்குக்காக ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கான எல்எம்இ4 (lme4) பேக்கேஜைத் துறைக் கணினியில் நிறுவ முயன்றபோது, பேக்கேஜ்கள் சேமிக்கப்படும் நூலக அடைவில் எழுத அனுமதியில்லை என்ற எச்சரிக்கையும், அதன்பின் 'உங்களுக்கென்று தனி நூலகம் பயன்படுத்தலாமா?' என்று கேட்கும் ஒரு சிறு பெட்டியும் வந்தன. பொதுக் கணினியில் ஏதோ அத்துமீறல் செய்யப் போகிறோம் என்று பயந்து 'இல்லை' என்பதை அழுத்தினேன். கடவுச்சொல் வைத்திருந்த பொறுப்பாளர் பள்ளத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் எப்போது திரும்புவாரோ என்று நான்கு நாள் கணினிக்கூடத்து வாசலிலேயே கிடந்தேன். அவர் வந்து என் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அது கடவுச்சொல் கேட்கவே இல்லையே, உன்னைத்தானே கேட்கிறது" என்றார். 'ஆம்' என்று அழுத்தியதும் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. அந்த நான்கு நாளில் போயிருக்க வேண்டிய ஒரு பட்டறை பிறகு மூடப்பட்டுவிட்டது. அதன் கூலி விவரம் என் அட்டவணையில் இன்றும் வெற்றிடமாகத்தான் இருக்கிறது.

தேவகோட்டை கணினிக்கூடம்:
உங்கள் வருத்தம் புரிகிறது, தங்கச்சி. ஆனாலும் கடவுச்சொல் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. எல்லோருக்கும் பொதுவான லினக்ஸ் சர்வரில் ரூட் என்ற நிர்வாகி உரிமையோடு ஆரைத் திறந்து, இருந்த பேக்கேஜ்கள் அத்தனையையும் ஒரே கட்டளையில் ஒரு மாலை புதுப்பித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஒரு மாணவி எதுவும் பேசாமல் தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு இரவாக ஓடிக்கொண்டிருந்த அவருடைய கணக்கு, தரவுக் கோப்பு சிதைந்துள்ளது என்ற பிழையோடு நின்றிருந்தது. ஆர் ஒரு பேக்கேஜின் செயல்கள் முழுவதையும் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏற்றிவிடாது, தேவைப்படும்போதுதான் வட்டிலிருந்து எடுக்கும். அவர் கணக்கு எடுக்க வந்த நேரத்தில் அந்தக் கோப்பை நான் மாற்றி வைத்திருந்தேன். அவர் தன் தனி நூலகத்தில் நிறுவியிருந்தால் என் கை அங்கே போயிருக்காது.

கானாடுகாத்தான் தமிழாசிரியர்:
நான் சொல்ல வந்தது வேறு. 2022 ஏப்ரலில் ஆர் 4.2.0 வந்தபோது, விண்டோஸ் 10-இன் புதிய பதிப்புகளில் அது எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியீட்டையே இயல்பாகக் கொண்டது என்று கேள்விப்பட்டு உடனே நிறுவினேன். என் சொந்த அடைவிலேயே நிறுவியதால் அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. அதுவரை குறியீட்டு எண்களாகச் சிதறி வந்த ஊர்ப் பெயர்கள், கோட்டையூர், கண்டனூர், அரியக்குடி என்று என் அட்டவணையில் முழுத் தமிழில் நின்றதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன். அடுத்த கட்டளையிலேயே, நான் சேர்த்து வைத்திருந்த பேக்கேஜ் ஒன்றுகூட இல்லை என்று வந்தது. ஆவணங்கள் அடைவில் இருந்த தனி நூலகத்துக்கு அந்தப் பதிப்பிலிருந்து மறைந்திருக்கும் ஆப்டேட்டா லோக்கல் அடைவுதான் இடம் என்பது பிறகுதான் தெரிந்தது.

காரைக்குடி புள்ளியியல்:
பழைய 3.6 பதிப்பின் நூலகத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய் 4.0-இல் ஒட்டினேன், 4.0.0-க்கு முன் நிறுவப்பட்டது, மீண்டும் நிறுவுக என்று ஒவ்வொன்றாக மறுத்தது. என் கதை அவ்வளவுதான்.

ஆசிரியரே, இடம் மாறியது மட்டும் காரணமல்ல. 4.1, 4.2 என்று நடு எண் மாறும்போதெல்லாம் தனி நூலகமும் புதிதாகத் தொடங்கும் என்பதால், இடம் மாறாமல் இருந்திருந்தாலும் உங்களுக்கு இதே நிலைதான் வந்திருக்கும். பதிப்பு மாற்றும் முன் இருக்கும் பேக்கேஜ்களின் பெயர்ப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால், பிறகு ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் திரும்ப நிறுவலாம். எந்த நூலகம் என்ற ஐயம் வரும்போது லிப்பாத்ஸ், அதாவது .libPaths() கட்டளையை இயக்குங்கள். அது காட்டும் பாதைகளில் முதலாவதில்தான் புதிய பேக்கேஜ் போய்ச் சேரும். வேறு இடம் வேண்டுமென்றால் ஆர்_லிப்ஸ்_யூசர் (R_LIBS_USER) என்ற சூழல் மாறியில் அந்தப் பாதையைக் கொடுக்கலாம், ஆனால் அந்த அடைவு முன்பே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர் அதைப் பேசாமல் தவிர்த்துவிடும். விண்டோஸில் மூல நிரலிலிருந்து தொகுக்கட்டுமா என்று கேட்கும்போது, அதற்கான ஆர்டூல்ஸ் கருவித்தொகுதி இல்லாதவர்கள் 'வேண்டாம்' என்று சொல்வதே நல்லது. இரண்டு ஆய்வுகளுக்கு ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்புகள் தேவைப்படுவோர் ஆர்என்வி (renv) பேக்கேஜைப் பாருங்கள்.

தேவகோட்டை அண்ணன் சொல்வதில் ஒன்றை மட்டும் நான் ஒப்பவில்லை. எல்லாமே தனி நூலகத்தில் முடிந்துவிடுவதில்லை. லினக்ஸில் வரைபட வேலைக்கான எஸ்எஃப் (sf) பேக்கேஜை மூல நிரலிலிருந்து தொகுக்க ஜிடால், ஜியோஸ், ப்ராஜ் ஆகிய புவியியல் தரவு மென்பொருள்கள் முதலில் கணினியில் இருக்க வேண்டும். அவற்றை வழக்கமான முறையில் நிறுவ உங்களைப் போன்ற பொறுப்பாளர்தான் வர வேண்டும். காத்திருக்க முடியாத மாணவருக்குக் காண்டா என்ற மென்பொருள் நிறுவியின் வழி இருக்கிறது, அதற்கு ரூட் உரிமை தேவையில்லை.

தேவகோட்டை கணினிக்கூடம்:
அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்றும் எங்கள் சர்வரில் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்கும் முன் யாருடைய கணக்காவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று இப்போது கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.

ஆத்தங்குடி ஆய்வு மாணவி:
நீங்கள் சொன்ன லிப்பாத்ஸ் கட்டளையை இன்று காலை அதே துறைக் கணினியில் இயக்கிப் பார்த்தேன், காரைக்குடி அண்ணா. இரண்டு பாதைகள் வந்தன. முதலாவதில் என் பயனர் பெயர் இருக்கிறது.