ரிஃபார்மருக்கு ‘உருள்மேடை’ என்று வைப்போம். வில்லுக்கும் பெயர் வேண்டும்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிலாட்டிஸ் உடற்பயிற்சிக் கருவியான ரிஃபார்மருக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் ஒன்றாக எடுத்துவைத்துப் படித்தேன். சீக்கிரம் ஒரு முடிவுக்கு வரவேண்டிய தேவை எனக்கு இருக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அண்ணன் மகள் ஷாப்லாட் (கடைவரிசைக் கட்டடம்) மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பிலாட்டிஸ் கூடம் தொடங்குகிறாள். பிசியோதெரபி படித்தவள். அவளிடம் முதலில் பெயர் கொடுத்தவர்கள் பால்மரம் (ரப்பர்) சீவிய அம்மாக்களும், செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை அறுத்து ஓய்வுபெற்ற ஐயாக்களும். தாழ்ந்த பட்டையில் குனிந்து சீவிச் சீவி இடுப்பு போனவர்கள் ஒரு பக்கம். நீளக் கழியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து அறுத்துக் கழுத்தும் தோளும் இறுகிப்போனவர்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்காகச் சுவரில் மாட்ட, கருவிப் பெயர்களைப் போட்ட ஒரு தமிழ் அட்டை வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

அதனால் எனக்கு இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அகராதியில் அழகாக நிற்கும் சொல் எனக்குப் போதாது. நகரும் பலகையின் மேல் ஒருவர் படுத்திருக்கும்போது பயிற்றுநர் குரல் கொடுத்துச் சொல்ல, அவர் திரும்பிப் பார்க்காமல் புரிந்துகொள்ளும் சொல்லாக இருக்கவேண்டும்.

இதுவரை கருவியைப் பார்க்காத நண்பர்களுக்காக: நீண்ட சட்டம் ஒன்று. அதற்குள் இரண்டு தண்டவாளம். அதன்மேல் சக்கரம் வைத்த மெத்தைப் பலகை, மேசை இழுப்பறை மாதிரி முன்னும் பின்னும் ஓடும். பலகையின் ஒரு முனையைச் சட்டத்தோடு சுருள்வில் இணைக்கிறது. பெரும்பாலான கருவிகளில் 4 அல்லது 5 வில். கால் வைத்து உந்த ஒரு தண்டு, தோள் முட்டிக்கொள்ள இரண்டு முட்டு, கப்பி வழியாக வரும் கயிறு, அதன் நுனியில் கையோ காலோ நுழைக்க வார். மோட்டார் கிடையாது. எடைக்கட்டியும் கிடையாது. உந்துகிறவரின் உடலும் வில்லும் மட்டும்தான்.

> ‘சீர்திருத்தி’ என்று நேரடியாகவே வைத்துவிடலாமே?

ஈப்போ ஐயா சொன்னது இது. ஐயா, உங்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் சீர்திருத்தம் என்றால் சீர்திருத்தத் திருமணம் நினைவுக்கு வரும், இளையோரைப் போடும் சீர்திருத்தப் பள்ளி நினைவுக்கு வரும், 1998இல் தொடங்கிய ‘ரிஃபார்மாசி’ (சீர்திருத்த) அரசியலும் நினைவுக்கு வரும். இடுப்பு வலியோடு படியேறி வரும் ஒரு அம்மாவிடம் ‘சீர்திருத்தியில் படுங்கள்’ என்று சொல்வது அவரைத் திருத்த வேண்டியவராக ஆக்கிவிடும். இந்தப் பயிற்சி முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் தன் கருவிக்கு ரிஃபார்மர், அதாவது சீர்திருத்துவது, என்று பெயர் வைத்தது அவர் காலத்து எண்ணம். நாம் கருவி செய்கிற வேலையைப் பார்த்துப் பெயர் வைக்கலாம்.

> வரலாறு கட்டிலில்தான் தொடங்குகிறது. ‘சுருள்வில் கட்டில்’ பொருந்தும்.

கோவை நண்பர் எழுதியது. வரலாறு பற்றி அவர் சொன்னது சரி. 1883இல் ஜெர்மனியின் மோன்சன்கிளாட்பாக்கில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், முதல் உலகப் போரின்போது எதிரிநாட்டுக் குடிமகன் என்பதால் மான் தீவில் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். படுத்த படுக்கையாக இருந்தவர்களின் கட்டிலில் வில் மாட்டி அசைய வைத்தார் என்ற கதை அங்கிருந்துதான் வருகிறது. பிறகு 1920களில் மனைவி கிளாராவோடு நியூயார்க்கில் கூடம் வைத்தார், 1967இல் மறைந்தார். ஆனால் கட்டில் என்றதும் எங்கள் ஊரில் எவரும் படுக்கத்தான் நினைப்பார்கள். இந்தக் கருவியில் உட்கார்ந்தும், முட்டிபோட்டும், நின்றும் செய்கிற பயிற்சிகள் நிறைய உண்டு. அதோடு ஸ்பிரிங் கட்டில் என்பது ஏற்கெனவே பலர் வீட்டில் கிடக்கும் சாமான். ‘விற்கட்டில்’ என்று சுருக்கினால் புணர்ச்சி சரிதான், ஆனால் எழுத்தில் பார்க்கும்போது விற்பனைக்கு வந்த கட்டில் மாதிரி கண்ணில் படுகிறது.

‘விசைக்கட்டில்’, ‘விசைமேடை’ இரண்டையும் நான் ஒதுக்குவதற்குக் காரணம் வேறு. விசைத்தறி, விசைப்படகு என்று பழகிய காதுக்கு விசை என்றால் எந்திரம் ஓட்டுவது. இங்கே அதற்கு நேர் எதிர்: எதுவும் தானாக ஓடாது. இந்த ஒரு தவறான எண்ணமே வயதானவர்களைப் பயமுறுத்தும். ‘சறுக்குமேடை’யும் அப்படித்தான். சறுக்குதல் என்ற சொல்லைக் கேட்டு யார் ஏறிப் படுப்பார்கள்?

சரி, என் பரிந்துரை ‘உருள்மேடை’. உருளும் மேடை, வினைத்தொகை. ஓடும் பலகைக்கு ‘உருள்பலகை’. படுக்கலாம், உட்காரலாம், நிற்கலாம், மேடை எதையும் தடுக்காது. கூப்பிடவும் எளிது: ‘மூன்றாவது மேடைக்குப் போங்கள்மா.’ உருள்மேடை என்றால் சரக்கு வண்டி என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா என்று யாழ்ப்பாணத்துச் சகோதரி கேட்டிருந்தார். கூடத்துக்கு வெளியே, விளம்பரத்திலும் விலைப்பட்டியலிலும், ‘சுருள்வில் உருள்மேடை’ என்று முழுதாக எழுதுவோம். உள்ளே சுருக்கம் போதும்.

இந்தச் சொல் எனக்குப் பிடிக்க இன்னொரு காரணம், அது குடும்பமாக வளர்கிறது. இப்போது சந்தையில் வருவதைப் பாருங்கள். முன்பு ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என்று நடந்த பயிற்சி, இப்போது பல கருவிகளை வரிசையாகப் போட்டுக் குழுவாக நடக்கிறது. இடம் குறைந்த கூடங்களுக்காகத் தலைமாட்டில் செங்குத்தான சட்டம் பொருத்திய வகை வந்திருக்கிறது. ‘கேடிலாக்’ எனும் பெரிய சட்டக் கருவியைத் தனியாக வாங்காமல் அதன் பயிற்சிகளில் பலவற்றை இதிலேயே செய்யலாம். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைக்கிற வகை, மடித்துச் சுவரோரம் நிறுத்துகிற வகை, காலால் உந்திக் குதிக்கப் பலகை மாட்டுகிற வகை என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆங்கில விளம்பரத்தாளில் ஒரு கவர்ச்சியான பெயர். வாங்குகிறவருக்குத் தெரியவேண்டியது அது என்ன செய்யும் என்பது. நிமிர்சட்ட உருள்மேடை, அடுக்கு உருள்மேடை, மடக்கு உருள்மேடை, துள்ளுபலகை என்று சொன்னால் விளக்கவே தேவையில்லை. ‘கோபுர உருள்மேடை’ என்று ஒருவர் எழுதியிருந்தார்; கோபுரம் என்றால் நமக்குக் கோயில்தான், அதைவிட நிமிர்சட்டம் தெளிவு. மெகாஃபார்மர் இந்தக் குடும்பத்தில் சேராது. அது லக்ரீ என்ற வேறொரு உடற்பயிற்சி முறைக்கென்று செய்த வேறு கருவி, வணிகப் பெயர். அப்படியே விட்டுவிடலாம்.

பெயர் தெளிவானதும் வாங்கும் பேச்சும் தெளிவாகிவிடுகிறது. அண்ணன் மகளோடு உட்கார்ந்து பேசும்போதே அதைப் பார்த்தேன். அவளுக்கு விற்பனையாளர் முதலில் பரிந்துரைத்தது அடுக்கு வகை. இடம் மிச்சம், உண்மைதான். ஆனால் அடுக்குவதற்காகவே அது தரையோடு தாழ்வாக இருக்கிறது. மூட்டு தேய்ந்த ஒருவர் அவ்வளவு கீழே உட்கார்ந்து எழுந்திருக்கச் சிரமப்படுவார். அவளிடம் வருபவர்களுக்குக் அடியில் கால்கள் பொருத்தி உயர்த்திய வகைதான் வேண்டும். ஆகவே ‘தாழ்மேடை’, ‘உயர்மேடை’ என்ற இரண்டு சொல்லையும் அட்டையில் சேர்க்கிறேன். வாங்கும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வியே இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன், மற்ற தோட்டப்புற ஊர்களில் யாராவது இதே யோசனையில் இருக்கலாம். நம் ஷாப்லாட்கள் பெரும்பாலும் 20 அல்லது 22 அடி அகலம். முழு அளவு உருள்மேடை ஏறத்தாழ 2.4 மீட்டர், அதாவது 8 அடி நீளம். குறுக்காக இரண்டு வரிசை போட்டால் 16 அடி அதற்கே போய்விடும். நடக்கவும், கை கால் நீட்டவும் இடம் இருக்காது. நீளவாக்கில் போடுவதுதான் வழி. மாடிப்படியின் திருப்பத்தில் 8 அடிச் சட்டம் திரும்புமா என்று பணம் கட்டுவதற்கு முன் அளக்க வேண்டும்.

அப்புறம் ஈரம். இங்கே காற்றின் ஈரப்பதம் எப்போதும் அதிகம், மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். தோல் வார் பூஞ்சை பிடிக்கும், வில் துருப்பிடிக்கும். பழைய முறைக் கூடங்கள் மரச்சட்டத்தையும் தோல் வாரையும் விரும்புகின்றன, அதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடாத மாடியில் அலுமினியச் சட்டமும் துவைக்கக்கூடிய துணி வாரும்தான் நிலைக்கும் என்பது என் கருத்து. வில்லை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. மாற்று வில் மலேசியாவிலேயே கிடைக்குமா, கப்பலில் வரக் காத்திருக்க வேண்டுமா என்பது கருவியின் விலையைவிடப் பெரிய கேள்வி.

வில் என்றதும் உண்மையான சிக்கலுக்கு வந்துவிட்டேன். இதைப் பற்றிக் குழுமத்தில் இன்னும் யாரும் எழுதவில்லை.

வகுப்பில் அதிகம் ஒலிக்கும் சொல் மேடை அல்ல, வில். ஒவ்வொரு பயிற்சிக்கும் எந்த வில்லை மாட்டுவது, எதைக் கழற்றுவது என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் நிறத்தை வைத்துச் சொல்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் சிவப்பு கனம், நீலம் நடுத்தரம், மஞ்சள் இலேசு. இன்னொரு நிறுவனத்தில் நிற வரிசை வேறு. பழைய முறைக் கருவி சிலவற்றில் எல்லா வில்லும் ஒரே வலிமை, அங்கே எண்ணிக்கை சொன்னால் போதும். கூடத்தில் இரண்டு நிறுவனத்தின் கருவி கலந்திருந்தால், நிறத்தை நம்பிச் சொல்லும் பயிற்றுநர் ஒரு நாள் தவறாகச் சொல்லிவிடுவார்.

முழுவில், அரைவில், கால்வில் என்று வைக்கலாமா என்று முதலில் யோசித்தோம். கால்வில் நிற்கவில்லை. கால் என்பது அளவும் உறுப்பும். பெரிய சட்டக் கருவியில் காலுக்கென்றே தனி வில், கைக்கென்றே தனி வில் இருக்கின்றன. அங்கே ‘கால்வில்லைக் கழற்றுங்கள்’ என்றால் எதை?

வல்வில், இடைவில், மெல்வில். இதுதான் நான் முன்வைப்பது. தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் வல்லினம், இடையினம், மெல்லினம் தெரியும், அந்த வரிசையை மறக்கவே முடியாது. கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரி இருக்கிறான், சொல் நமக்குப் புதிதும் இல்லை. கருவியின் வில்லில் எந்த நிறம் இருந்தாலும் அதன் பக்கத்தில் வ, இ, மெ என்று ஓர் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. ‘ஒரு வல்வில், ஒரு மெல்வில்’ என்று குரல் கொடுத்தால் கூடத்தின் கடைசி மேடை வரைக்கும் கேட்கும்.

‘கடினவில்’, ‘எளியவில்’ என்று வைக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வில் கனமானால் பயிற்சி கடினம் என்பது பாதிதான் உண்மை. மல்லாந்து படுத்துக் காலால் உந்தும்போது வல்வில் கனக்கும். ஆனால் பலகைமேல் முட்டிபோட்டு வயிற்றை இறுக்கிச் செய்கிற சில பயிற்சிகளில் வல்வில் தாங்கிப் பிடிக்கிறது. மெல்வில்லுக்கு மாறினால் தாங்கல் போய், பலகையை அடக்கும் வேலை முழுவதும் வயிற்றுக்கு வந்துவிடும். ‘எளியவில் போதும்மா’ என்று ஓர் அம்மாவிடம் சொல்லி அவரைக் கீழே விழ வைத்துவிடக்கூடாது. வல், இடை, மெல் மூன்றும் வில்லைப் பற்றி மட்டும் பேசுகின்றன, பயிற்சியைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு சொல் இன்னும் முக்கியம். வில் எதுவும் மாட்டாத உருள்பலகை தொட்டதும் ஓடிவிடும். தெரியாமல் அதன்மேல் காலை வைத்து நின்றால் விழவேண்டியதுதான். இந்த நிலைக்கு ஒரு பெயர் வேண்டும், எச்சரிக்கையாகக் கத்தக்கூடிய பெயர். ‘வெறும்பலகை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘வெறும்பலகை, ஏறாதீங்க!’ என்றால் யாருக்கும் புரியும். இதைவிடக் கூர்மையான சொல் உங்களில் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தாருங்கள், இந்த ஒன்றில் நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலால் உந்துவது மிதிதண்டு. தோளுக்குத் தோள்முட்டு. ‘தோள்தாங்கி’யும் நல்ல சொல்தான், ஆனால் அது தோளைத் தாங்குவதில்லை, உடல் நழுவாமல் முட்டுக்கொடுக்கிறது. கயிறு ஓடுவது கப்பி, பள்ளி அறிவியலிலேயே இருக்கிறது. வில்லோடு மிதிகட்டை உள்ள சிறு நாற்காலிக்கு மிதிநாற்காலி. இரு கையாலும் அமுக்குகிற வளையத்துக்கு அமுக்குவளையம். தரையில் விரித்துச் செய்வது பாய்ப்பயிற்சி.

பிலாட்டிஸ் என்ற பெயரை மாற்றவேண்டாம். அவரே தன் முறைக்குக் கட்டுப்பாட்டியல் என்ற பொருளில்தான் பெயர் வைத்தார், அதனால் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். மக்கள் ஆள்பெயரையே பிடித்துக்கொண்டார்கள். அது வணிகச் சின்னமல்ல, பொதுப்பெயர் என்று 2000இல் அமெரிக்க நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருந்தால் போதும். ‘பிலாத்தீஸ்’ என்று எழுதினால் விவிலியத்துப் பிலாத்து குறுக்கே வருகிறார் என்று தேவாலயத்துக்குப் போகும் நண்பர் சொன்னது நியாயம், ஆகவே ‘பிலாட்டிஸ்’.

அட்டை அச்சுக்குப் போகும் முன் யாழ்ப்பாணத்துச் சகோதரியும் ஈப்போ ஐயாவும் வில் வரிசையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். வேகமாகச் சொல்லும்போது வல்வில்லும் மெல்வில்லும் குழம்புகிறதா என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே ஐயம். குழம்பினால் மெல்வில்லை ‘மென்வில்’ ஆக்கலாம். மெல்லினத்தோடு உள்ள ஒட்டு கொஞ்சம் தளரும், ஆனால் காதுக்கு வேறுபாடு கூடும்.

அன்புடன்,
சுங்கை சிப்புட், பேராக்