ஆராதனைக் குழு பாடுகிறது, சபை பாடுவதில்லை. என்ன செய்யலாம்?

வியாசை கீபோர்டு:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். வியாசர்பாடியில் எங்களுடையது சின்ன சபை, மேலே சிமென்ட் ஷீட். நான் கீபோர்டு வாசிக்கிறேன். யூடியூபில் வரும் புதுப் பாடல்களை அதே ஸ்கேலில், ரிதம் பேடோடு (எலக்ட்ரானிக் டிரம்) வாசிக்கிறோம். நன்றாகவே வருகிறது. ஆனால் பாதிப் பேர் கைதட்டுவதோடு சரி, வாய் திறப்பதில்லை. கீர்த்தனை எடுத்தால் வயதான அம்மாக்கள் சத்தமாகப் பாடுகிறார்கள், பையன்கள் மொபைலை எடுத்துவிடுகிறார்கள். பாஸ்டர் எங்கள் பொறுப்பிலேயே விட்டிருக்கிறார். வழி சொல்லுங்கள்.

ராயபுரம் பாடகர்:
தம்பி, முதலில் ஸ்கேலைப் பாருங்கள். அந்தப் பாடல்களைப் பதிவு செய்தவர்கள் தங்கள் குரலுக்கு ஏற்ற இடத்தில் பாடியிருப்பார்கள். பயிற்சி இல்லாத குரல் மேல் ஸ்தாயி 'டி' என்ற சுரத்தைத் தாண்டினால் திணறும். தொண்டை வலிக்கும் என்று தெரிந்ததும் ஜனங்கள் நிறுத்திவிடுவார்கள். உங்கள் கீபோர்டில் ஸ்கேலை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் இருக்கிறதே, இரண்டு மூன்று படி இறக்குங்கள். ஷீட் கூரைக்கு பேடின் சத்தமும் அதிகம். பக்கத்தில் நிற்பவர் பாடுவது காதில் விழுந்தால்தான் கூச்சப்படுகிறவரும் சேர்ந்துகொள்வார். கடைசிப் பல்லவிக்கு வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள்.

அம்மாக்கள் கீர்த்தனை பாடுவது பழக்கத்தால் மட்டும் அல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக இசையின் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் எழுதினார்கள். சரணத்தை ஒருவர் பாட, பல்லவியை எல்லோரும் பிடித்துக்கொள்ளலாம். எழுத்துத் தெரியாதவருக்கும் அதில் இடம் உண்டு. புதுப் பாடலையும் அப்படிப் பிரித்துக் கொடுங்கள், மாதத்துக்கு ஒன்று போதும்.

வேதத்தில் 1 நாளாகமம் 15:22-ல், லேவியரின் சங்கீதத் தலைவன் கெனானியா நிபுணனாக இருந்ததால் பாட்டைக் கற்றுக்கொடுத்தான் என்று வருகிறது. உங்கள் வேலையும் அதுதான் தம்பி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பாடுகிறாரா என்று பாருங்கள். எனக்கு வேறு அளவுகோல் கிடையாது.

காசிமேடு ஸ்டெல்லா:
நாங்கள் கத்தோலிக்கர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டிலேயே மக்களும் சேர்ந்து பாட வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் பாடகர் குழுவில் பூசைக்கு முன் பதிலுரைப் பாடலின் பல்லவியைச் சொல்லிக்கொடுப்போம். கொஞ்ச நேரம்தான், ஆனால் அன்றைக்கு முழுக் கோவிலும் பாடும்.

கொருக்குப்பேட்டை டிரம்ஸ்:
ஐயா, பேடைக் குறைக்கச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கானா கேட்டு வளர்ந்த பையன்கள் நாங்கள். தாளம் இழுத்துத்தான் என்னைப் போலப் பலர் சபைக்குள் வந்தோம்.

ராயபுரம் பாடகர்:
தாளம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன் தம்பி. 150-ம் சங்கீதத்தில் தம்புரும் இருக்கிறது, பேரோசையுள்ள கைத்தாளமும் இருக்கிறது. ஜனங்களின் குரலுக்குக் கீழே வாசியுங்கள், அவ்வளவுதான். ஒரு கீர்த்தனைக்கு உங்கள் கையால் டோலக் வாசித்துப் பாருங்கள். மொபைல் பார்க்கும் பையன்களும் நிமிர்வார்கள்.

வியாசை கீபோர்டு:
நன்றி ஐயா, நன்றி அக்கா. சனிக்கிழமை பிராக்டிஸில் ஸ்கேலை இறக்கிப் பார்க்கிறோம். கொருக்குப்பேட்டை அண்ணா, டோலக்கோடு எங்கள் சபைக்கு ஒருநாள் வர முடியுமா?