பப்பாளியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி: செம்பருத்தியை எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி

வணக்கம். வீட்டின் பின்புறத்தில் மூன்று பப்பாளி மரங்களும், அவற்றை ஒட்டி வேலிபோல ஐந்து செம்பருத்திச் செடிகளும் வளர்க்கிறேன். இரண்டு மாதங்களாகச் செம்பருத்தியின் நுனித் தளிர்கள் சுருண்டு, வெள்ளைப் பஞ்சு போன்ற பூச்சிகள் அப்பிக் கிடக்கின்றன. இப்போது அவை பப்பாளிக் காய்களின் காம்பிலும் தென்படுகின்றன. சுருண்ட நுனிகளை வெட்டி, மூடாக்காகப் பயன்படட்டும் என்று மரத்தடியிலேயே போட்டேன். பத்து நாட்களில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. செம்பருத்தியின் வேரில் ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லியை ஊற்றச் சொல்கிறார் ஒருவர். செடிகளையே பிடுங்கச் சொல்கிறார் இன்னொருவர். என்ன செய்யலாம்?

பதில் 1

பிடுங்க வேண்டாம். நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் பப்பாளி மாவுப்பூச்சியாகவே இருக்கும். மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி பப்பாளி, செம்பருத்தி, மரவள்ளி, மல்பெரி எனப் பலவற்றிலும் வாழக்கூடியது என்பதால், செம்பருத்தியை அகற்றினாலும் அது வேறோர் இடம் தேடிக்கொள்ளும். செம்பருத்தியை எவ்வளவு கடுமையாகக் கவாத்து செய்தாலும் துளிர்த்துவிடும். பப்பாளியின் குருத்தை வெட்டினால் பக்கக் கிளைகள் துளிர்க்கலாம், ஆனால் வெட்டிய இடம் அழுகி மரமே போய்விடும் அபாயமும் உண்டு. ஆகவே பூச்சி முதலில் செம்பருத்தியில் தெரிவது உங்களுக்கு நன்மைதான்.

தவறு நடந்தது மூடாக்கில். ஒரு பெண் பூச்சியின் பஞ்சுப் பையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். வெட்டிய நுனி வாடினாலும் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் ஊர்ந்தோ காற்றில் பறந்தோ அடுத்த செடியை அடைந்துவிடும். வெட்டியவற்றை உடனே ஒரு பையில் இட்டு இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

வேரில் மருந்து ஊற்றும் யோசனையை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். ஒட்டி நிற்கும் செடிகளின் வேர்கள் ஒரே மண்ணில் பின்னிக் கிடக்கும்போது, இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து செம்பருத்தியோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பூந்தேனை நாடி வரும் தேனீக்களுக்கும் அது நஞ்சு.

பதில் 2

மேலே உள்ளவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் எறும்பை யாரும் குறிப்பிடவில்லை. மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதன் எதிரிகளை விரட்டுகின்றன. பப்பாளித் தண்டைச் சுற்றித் துணிப்பட்டை கட்டி, அதன்மேல் மட்டும் பசைத்தன்மையுள்ள பொருளைத் தடவுங்கள். மரத்தின் தோலில் நேரடியாகத் தடவினால் தண்டு புண்ணாகும். மரத்தில் சாய்ந்திருக்கும் செம்பருத்திக் கிளைகளையும் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் எறும்புக்கு அதுவே பாலமாகிவிடும்.

பிறகு இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். பப்பாளி இலை எண்ணெயால் கருகக்கூடியது என்பதால், முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எறும்புச் சாரை இருப்பதை இன்று காலை பார்த்தேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது: மற்றவற்றைவிடப் பெரியதாக, நீண்ட வெள்ளை இழைகளுடன் சில பூச்சிகள் வேகமாக நடமாடுகின்றன. அவற்றை நசுக்கிவிடலாமா?

பதில் 2

தயவுசெய்து நசுக்க வேண்டாம்! மாவுப்பூச்சி மெல்லத்தான் நகரும். நீங்கள் கண்டது, மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். இரையைப் போலவே வெண்மெழுகு போர்த்திக்கொள்வதால் தோட்டக்காரர்கள் பலர் அதைத் தெரியாமல் கொன்றுவிடுகிறார்கள். நானும் ஒரு பருவம் முழுக்க அப்படித்தான் செய்தேன். அவை நடமாடும் கிளைகளில் வேப்பெண்ணெய் தெளிப்பதை நிறுத்திவிட்டு, எறும்புப் பட்டையை மட்டும் விடாமல் பராமரியுங்கள். மாவுப்பூச்சிகளின் உடல் பழுப்பாக உப்பி, அதில் சிறிய வட்டத் துளை தெரிந்தால், அவற்றுக்குள் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளும் வந்து சேர்ந்துவிட்டன என்று கொள்ளலாம்.